இலவு காத்த கிளி

வேலையில்லாதவன் யார் என்று கேட்டால் விடை சொல்வதில் நமக்குச் சிரமம் இராது. வேலை தேடி அலைகிறவன் வேலையில்லாதவன். வேலையிலிருந்து நீக்கப்பட்டவனும் வேலையில்லாதவன். ஆனால் இவ்விரு கூட்டத்திலும் சேராத மூன்றாமவன் ஒருவன் இருக்கிறான். அவன் பெயர் ஆலையின் பதிவேட்டில் இருக்கிறது; அவன் மட்டும் ஆலைக்குள் இல்லை. அவனை யாரும் நீக்கவில்லை. அவனுக்கு யாரும் வேலை தரவும் இல்லை. பஞ்சு வரவில்லை, மின்சாரம் போதவில்லை, செய்த சரக்கு விற்கவில்லை என்று ஏதேனும் ஒரு காரணம் காட்டி, வாயிற்கதவில் ஒரு தாள் ஒட்டப்படுகிறது. அந்தத் தாளின் கடைசி வரி எப்பொழுதும் ஒன்றுதான்: “மறு அறிவிப்பு வரும் வரை.”

இதைத்தான் தொழிலாளர்கள் லே-ஆஃப் என்கிறார்கள். படித்தவர்கள் தற்காலிகப் பணிநிறுத்தம் என்று எழுதுகிறார்கள். இந்தப் பெயரில் உள்ள ‘தற்காலிக’ என்னும் சொல்லைப் பற்றியே இக்கட்டுரை. தற்காலிகம் என்றால் எத்தனை நாள்? அதைச் சொல்ல வேண்டியவர் யார்? சொல்லாமல் விட்டால் அதன் விலையைக் கொடுப்பவர் யார்? இம்மூன்று கேள்விகளையும் நம் மன்றத்து நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நம் நாட்டில் லே-ஆஃப் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்த வரலாறே பஞ்சாலையோடு தொடர்புடையது. 1953ஆம் ஆண்டில் துணி ஆலைகளில் சரக்குத் தேங்கிக் கிடந்தது. ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பும் நிலை நெருங்கியது. அப்பொழுது மத்திய அரசாங்கம் அவசரச் சட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது. பின்னர் அது 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் திருத்தமாகி, 1953 அக்டோபர் 24 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதற்கு முன்பு, வேலை தராத நாளுக்குக் கூலி தரவேண்டும் என்ற பொதுவான கட்டாயம் எதுவும் இல்லை. திருத்தம் வந்தபின், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதியை ஈட்டுத்தொகையாகத் தரவேண்டும் என்று விதிக்கப்பட்டது. அந்த நாளில் இது பெரிய வெற்றி. அதைக் குறைத்துப் பேசுவது நன்றி மறந்த செயலாகும்.

ஆனால் அந்தச் சட்டத்தைச் சற்றே உற்றுப் படித்தால், அதன் மூலை முடுக்குகளில் சில விந்தைகள் தென்படுகின்றன.

முதலாவது, யாருக்கு இந்தப் பாதிச் சம்பளம் என்பது. 50 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் தொழிற்சாலைக்கு இந்த விதி இல்லை. பருவத் தொழில்களுக்கு இல்லை. ஓராண்டுத் தொடர்பணி முடிக்காதவனுக்கு இல்லை. அதாவது பன்னிரண்டு மாதங்களில் பொதுவாக 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும். ஒருவன் வராத நாளில் அவனுக்குப் பதிலாக நிற்பவனை மும்பை ஆலைகளில் ‘பத்லி’ என்பார்கள்; கோவையில் ‘பதிலி’ என்பார்கள். ஓராண்டுத் தொடர்பணி முடித்தாலன்றி அவனுக்கும் இல்லை. ஆக, இந்நாட்டுத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு இந்தப் பாதியும் கானல் நீரே.

இரண்டாவது, எத்தனை நாளைக்கு என்பது. பன்னிரண்டு மாதங்களில் 45 நாளுக்கு மேல் லே-ஆஃப் நீடித்தால், அதற்குப் பிந்திய நாள்களுக்கு ஈட்டுத்தொகை வேண்டாம் என்று தொழிலாளியும் முதலாளியும் உடன்படிக்கை செய்துகொள்ளலாம். பசித்தவனும் பண்டகசாலைக்காரனும் செய்துகொள்ளும் உடன்படிக்கை எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டுவதில்லை. 45 நாளுக்குப் பிறகு முதலாளி விரும்பினால், முறைப்படி ஆட்குறைப்புச் செய்து கணக்கைத் தீர்க்கலாம். ‘விரும்பினால்’ என்பதைக் கவனியுங்கள். அந்த விருப்பம் முதலாளிக்குத்தான். “ஐயா, எனக்குக் காத்திருந்து அலுத்துவிட்டது, என் கணக்கைத் தீர்த்து என்னை விட்டுவிடுங்கள்” என்று கேட்கும் உரிமை தொழிலாளிக்கு இல்லை.

மூன்றாவதுதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. லே-ஆஃப் நாள்களில் ஈட்டுத்தொகை பெற வேண்டுமானால், தொழிலாளி நாள்தோறும் ஒரு முறையேனும், வேலை நேரத்தில், குறித்த பொழுதில் ஆலைக்கு வந்து தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். வந்து இரண்டு மணி நேரத்திற்குள் வேலை தரப்படாவிட்டால் அன்று அவனுக்கு லே-ஆஃப். மறுநாளும் வரவேண்டும். அதற்கு மறுநாளும் வரவேண்டும். இப்படி ஒவ்வொரு நாளும் பகலின் நல்ல நேரத்தை ஆலை வாயிலில் கொடுத்துவிட்ட ஒருவன், வேறிடத்தில் வேலை தேடுவது எப்படி? தேடக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. தேட முடியாதபடி செய்துவிட்டது.

2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் இந்த மூன்று விந்தைகளும் அப்படியே இடம் பெற்றுவிட்டன. மாறியது வேறொன்று. பெரிய ஆலைகளில் லே-ஆஃப் செய்ய அரசாங்கத்தின் முன் அனுமதி வேண்டும் என்று 1976இல் விதித்தபோது எல்லை 300 பேர். 1982ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 100 ஆக்கியது. புதிய தொகுப்பு அதை மீண்டும் 300க்கு உயர்த்திவிட்டது. முன் அனுமதி வேண்டுமா வேண்டாமா என்றே ஐம்பது ஆண்டுகளாக நாம் வாதிட்டு வருகிறோம். தொடங்க அனுமதி யார் தருவது என்ற கேள்விக்கு இவ்வளவு சண்டை. எப்பொழுது முடிவது என்ற கேள்வியைக் கேட்க ஆளில்லை.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. நம் கண்முன் நடந்த ஒன்றைக் காட்டுகிறேன். 1968இல் தொடங்கப்பட்ட தேசியப் பஞ்சாலைக் கழகம் மத்திய அரசாங்கத்தின் நிறுவனம். நலிந்த தனியார் ஆலைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது அவை இதன் கைக்கு வந்தன. 2020 மார்ச்சு மாதம் ஊரடங்கு வந்தபோது இக்கழகத்தின் 23 ஆலைகள் நின்றன. அவற்றுள் ஏழு தமிழ்நாட்டில் இருந்தன. அவ்வேழில் ஐந்து கோவையில். இங்கே மும்பையில், தாதரில் உள்ள டாட்டா மில்லும் அந்த 23இல் ஒன்று. ஊரடங்கு சில மாதங்களில் தளர்ந்தது. கடைகள் திறந்தன, தனியார் ஆலைகள் ஓடின, திரையரங்குகளும் திறந்தன. இந்த ஆலைகள் மட்டும் முறையாக ஓடவில்லை. நிரந்தரத் தொழிலாளர்களுக்குப் பாதிச் சம்பளம் என்ற ஏற்பாடு மாதக் கணக்கில் தொடங்கி ஆண்டுக் கணக்கில் நீண்டது. ஆலை மூடப்பட்டது என்று யாரும் அறிவிக்கவில்லை. திறக்கப்படும் என்று நாள் குறிக்கவும் இல்லை. முழுச் சம்பளம் கேட்டும் ஆலையைத் திறக்கச் சொல்லியும் தொழிலாளர்கள் வாயிலில் அமர்ந்து போராடினார்கள். இதற்கிடையே ஐம்பதைக் கடந்தவர்கள் ஓய்வு பெறும் வயதை அடைந்தார்கள்.

இவர்கள் ஏன் வேறு வேலைக்குப் போகவில்லை என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். சோம்பல் என்று கூடச் சிலர் முடிவு கட்டுவர். கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது ஆண்டு பணி செய்த ஒருவனை ஆட்குறைப்புச் செய்தால், ஆண்டுக்கு 15 நாள் என்ற கணக்கில் 300 நாள் சராசரி ஊதியம் அவனுக்குத் தரவேண்டும். அவனே விலகிப் போனால் பணிக்கொடை கிடைக்கலாம். இந்த ஆட்குறைப்பு ஈட்டுத்தொகை கிடைக்காது. மகளின் திருமணத்திற்கோ மகனின் படிப்பிற்கோ அவன் நம்பியிருக்கும் ஒரே பெருந்தொகை அதுதான். ஆகவே அவன் காத்திருக்கிறான். மறுபக்கம், ஆட்குறைப்புச் செய்தால் ஒரே முறையில் பெருந்தொகை தரவேண்டும். லே-ஆஃபில் வைத்திருந்தால் பாதியோடு போகும். 45 நாளுக்குப் பின் உடன்படிக்கை இருந்தால் அதுவும் இல்லை. ஆகவே முதலாளியும் காத்திருக்கிறார். இருவரும் காத்திருக்கிறார்கள், ஆனால் ஒருவருக்குத்தான் காத்திருப்பு இலாபம். இதில் சோம்பல் எங்கே இருக்கிறது?

காத்திருப்பு மனிதனை என்ன செய்கிறது என்பதை அமெரிக்கப் பொருளியலறிஞர்கள் நெடுநாளாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1970களில் மார்ட்டின் ஃபெல்ட்ஸ்டைன் என்பவர், வேலை இழந்ததாகக் கணக்கிடப்படும் அமெரிக்கத் தொழிற்சாலைத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தம் பழைய ஆலைக்கே திரும்பிவிடுகிறார்கள் என்று எடுத்துக்காட்டினார். வேலையின்மை என்றால் புது வேலை தேடுதல் என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது வியப்பாயிற்று. 1986இல் லாரன்ஸ் காட்ஸ் இன்னும் ஒரு படி மேலே சென்றார். வேலையின்றி இருப்பவனுக்கு இரண்டு வாயில்கள் இருக்கின்றன. பழைய முதலாளியின் அழைப்பு ஒன்று. புதிய வேலை மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும் என்பது அவர் வாதம். 1990இல் அவரும் புரூஸ் மேயரும் சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சியில் கண்ட ஒரு முடிவு நம் சிந்தனைக்கு உரியது. திரும்ப அழைப்பார்கள் என்று நம்பியிருந்து, அழைக்கப்படாமற் போனவர்கள் மிக நீண்ட நாள் வேலையின்றி இருக்க நேர்ந்தது.

இதன் காரணத்தை அறிய ஆராய்ச்சி கூட வேண்டாம். நம்பிக்கை உள்ளவன் முதல் மாதம் வேறு வாயிலைத் தட்ட மாட்டான். இரண்டாம் மாதமும் தட்ட மாட்டான். பழைய வாயில் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வருவது அவன் கண்ணுக்குப் புலப்படாது. புலப்படும்போது அவனோடு வேலை இழந்த மற்றவர்கள் ஊரில் இருந்த சில இடங்களையும் பிடித்திருப்பார்கள். கையில் இருந்த சேமிப்பும் கரைந்திருக்கும். கைத்திறனும் சற்றே துருப்பிடித்திருக்கும். இலவு காத்த கிளி என்ற பழமொழியை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். காய் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்கு, காய் வெடித்தபோது கிடைத்தது பஞ்சு. பஞ்சாலைத் தொழிலாளியின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி வேறு இல்லை.

ஆனால் உண்மையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். காத்திருப்பது எப்பொழுதும் மடமை அன்று. 2017இல் ஃபுஜிதா, மோஸ்கரினி என்ற இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, அமெரிக்காவில் வேலையிலிருந்து பிரிந்து வேலையின்மைக்குள் செல்வோரில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பழைய முதலாளியிடமே திரும்புகிறார்கள். 2020இல் பெருந்தொற்று வந்தபோது இது பெரிய அளவில் மெய்ப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்காவில் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் பேர் தற்காலிக லே-ஆஃபில் இருந்தார்கள். வேலையில்லாதோரில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இவர்களே. 2021 பிப்ரவரியில் அத்தொகை ஏறத்தாழ 22 லட்சமாகக் குறைந்தது. பெரும்பாலோர் விரைவிலேயே திரும்பினர் என்பது மெய். ஆனால் அதே பிப்ரவரியில், ஆறு மாதத்துக்கு மேல் வேலையின்றி இருந்தவர்கள் 40 லட்சத்தைத் தாண்டியிருந்தனர். இவர்களுள், ‘தற்காலிகம்’ என்று சொல்லி அனுப்பப்பட்டு, பின்னர் சத்தமின்றி நிரந்தரமாக வேலை இழந்தோர் கணக்கிற்கு மாறியவர்களும் உண்டு.

ஆகவே லே-ஆஃப் என்பது முழுக்க வஞ்சகம் என்று நான் வாதிடவில்லை. பலருக்கு அது பாலம். சிலருக்கு அது பாதியில் நின்ற பாலம். ஏறும்போது இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. அக்கரை உண்டா இல்லையா என்பதை அறிந்தவர், அல்லது அறியக்கூடியவர், முதலாளி ஒருவரே. சரக்கு எவ்வளவு தேங்கியிருக்கிறது, வங்கிக் கடன் எவ்வளவு, அடுத்த கொள்முதல் எப்பொழுது என்பதெல்லாம் அவருடைய கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன. அறிந்தவர் சொல்லாமலும் அறியாதவன் காத்துக்கொண்டும் இருப்பதே இதில் உள்ள அநீதி.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் திரும்ப அழைப்பை எதிர்பார்த்துக் காத்திருப்பவன், வேறு வேலை தேடாவிட்டாலும், வேலையில்லாதவன் என்றே கணக்கிடப்படுகிறான். 2020 ஏப்ரலில் கணக்கெடுத்தோர் பலரைத் தவறாக ‘வேலை உண்டு, ஆனால் வரவில்லை’ என்ற வரிசையில் எழுதிவிட்டனர். அந்தத் தவறு நேராதிருந்தால் அம்மாத வேலையின்மை விகிதம் 14.7 சதவீதத்துக்கு மேலும் ஏறத்தாழ 5 சதவீதப் புள்ளி உயர்ந்திருக்கும் என்று அந்நாட்டுப் புள்ளிவிவர நிறுவனமே ஒப்புக்கொண்டது. நம் நாட்டிலோ, தொழிலாளர் கணக்கெடுப்பில் ‘வேலை இருந்தும் ஏதோ காரணத்தால் அவ்வாரம் வேலை செய்யாதவர்’ என்ற வரிசையே வேலையுள்ளோர் தொகையில் சேர்ந்துவிடுகிறது. அங்கே தவறு என்று வருந்தப்பட்ட ஒன்று இங்கே முறையாக இருக்கிறது. ஆலை வாயிலில் மூன்றாம் ஆண்டாக நிற்பவனும் பதிவேட்டுப்படி வேலையுள்ளவனே! எண்ணப்படாதவனின் காத்திருப்பு எத்தனை நாள் என்று யார் எண்ணப் போகிறார்கள்?

அவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! எனவே வாயிலில் முகத்தைக் காட்டிவிட்டு, மாலையில் சுமை தூக்குகிறான், இரவில் காவல் வேலைக்குப் போகிறான், ஆட்டோ ஓட்டுகிறான். மனைவி வீட்டுவேலைக்குப் போகிறாள். நூற்புப் பொறியை இருபது ஆண்டு கையாண்ட விரல்கள் பூட்டிய கதவுக்குக் காவல் காக்கின்றன. நம் நாட்டில் வேலையின்மையின் நீளம் சும்மா இருத்தலாகத் தெரிவதில்லை. தொழில் தெரிந்தவன் தொழில் தெரியாதவனாக மாறுவதில் தெரிகிறது.

என்ன செய்யலாம்? மூன்று தடைகளை எதிர்பார்த்து, அவற்றுக்கு விடை சொல்லிவிட்டு என் கருத்தைக் கூறுகிறேன்.

“நாளைக் குறிப்பிடு என்றால் முதலாளி எப்படிக் குறிப்பிடுவார்? சந்தை அவர் கையிலா இருக்கிறது?” என்பது முதல் தடை. நியாயமான கேள்வி. குறித்த நாளில் திறக்கத்தான் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. குறித்த நாளில் மீண்டும் ஒரு முறை காரணத்தோடு எழுதித் தரவேண்டும் என்றே கேட்கிறேன். இரயில் தாமதமாகும் என்றால் எத்தனை மணி நேரம் என்று பலகையில் எழுதுகிறார்கள். அது மாறவும் செய்கிறது. மாறும் என்பதற்காகப் பலகையே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

“உதவித்தொகை கொடுத்தால் வேலை தேட மாட்டார்கள், அதனால் வேலையின்மை நீளும்” என்பது இரண்டாம் தடை. இது புத்தகத்தில் உள்ள வாதம். ஓரளவு மெய்யும் உண்டு. ஆனால் இங்கே தேடலைத் தடுப்பது பாதிச் சம்பளம் அன்று. நாள்தோறும் வாயிலில் நிற்கவேண்டும் என்ற நிபந்தனை. பணத்தைக் குறைப்பதற்கு முன் அந்தக் கயிற்றை அவிழ்த்துப் பார்க்கட்டும்.

“கெடு வைத்தால் முதலாளிகள் அந்தக் கெடுவையே சாக்காக வைத்து ஆட்குறைப்புச் செய்வார்கள், பதிவேட்டில் பெயராவது இருப்பது நல்லதல்லவா?” என்பது மூன்றாம் தடை. தொழிற்சங்கத் தோழர்கள் சொல்வது இது. இதுவே மிக வலிமையானதும் ஆகும். இதற்கு விடை வெளிநாட்டுச் சட்டங்களில் இருக்கிறது. பிரிட்டனில், தொடர்ந்து 4 வாரமோ, அல்லது 13 வாரங்களில் மொத்தம் 6 வாரமோ லே-ஆஃபில் வைக்கப்பட்ட தொழிலாளி, “என்னை ஆட்குறைப்புச் செய்ததாகக் கொண்டு என் தொகையைக் கொடுங்கள்” என்று தானே எழுதிக் கேட்கலாம். அடுத்த 4 வாரத்திற்குள் வேலை தொடங்கி 13 வாரமாவது தடையின்றி நடக்கும் என்று முதலாளி நியாயமாக எதிர்பார்க்க இடமிருந்தால், அவர் அதை மறுத்து எழுதலாம். அங்கே 1965 முதல் இந்த ஏற்பாடு இருந்து வருகிறது. கெடு முதலாளியின் கையில் இல்லை. தொழிலாளியின் கையில் இருக்கிறது. காத்திருக்க விரும்புகிறவன் காத்திருக்கலாம். போக விரும்புகிறவன் கைநிறையப் பெற்றுக்கொண்டு போகலாம்.

ஜெர்மனியில் வேறொரு வழி. ஆளை முழுவதும் நிறுத்தாமல் நேரத்தைக் குறைக்கிறார்கள். குறைந்த ஊதியத்தில் 60 சதவீதமும், பிள்ளைகள் உள்ளவர்களுக்கு 67 சதவீதமும் பொதுநிதியிலிருந்து ஈடு செய்யப்படுகிறது. 2020 ஏப்ரலில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் இந்த ஏற்பாட்டில் இருந்தார்கள். அதற்கும் சட்டத்தில் காலவரம்பு உண்டு. பொதுவாக 12 மாதம். நெருக்கடி வந்தால் நீட்டுகிறார்கள். நீட்டும்போது எத்தனை மாதம் என்று சொல்லி நீட்டுகிறார்கள்.

நம் நாட்டிலும் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக் கழகத்தின் மூலம், வேலை இழந்தவர்களுக்கு 2005 முதல் ஒரு திட்டமும் 2018 முதல் இன்னொரு திட்டமும் வந்தன. புதிய தொகுப்புச் சட்டத்தில், ஆட்குறைப்புச் செய்யப்பட்ட ஒவ்வொருவருக்கும் 15 நாள் ஊதியத்துக்கு ஈடான தொகையை மறுபயிற்சி நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. நல்ல விதி. ஆனால் அது ஆட்குறைப்புச் செய்யப்பட்டவனுக்கு. வாயிலில் நிற்பவனுக்கு அன்று. அவன்தான் வேலையில் ‘இருக்கிறானே’!

ஆகவே நான் வேண்டுவன மூன்றே. ஒன்று, “மறு அறிவிப்பு வரும் வரை” என்ற சொல்லைச் சட்டம் தடை செய்ய வேண்டும். ஒவ்வொரு லே-ஆஃப் அறிவிப்பிலும் ஒரு தேதி இருக்க வேண்டும். தேதி மாறினால் காரணமும் இருக்க வேண்டும். இரண்டு, நாள்தோறும் வந்து முகம் காட்டும் நிபந்தனை ஒழிய வேண்டும். கைபேசி இல்லாத தொழிலாளியைக் காண்பது அரிதாகிவிட்ட இந்நாளில், ஆளை அழைக்க வாயில் தேவையில்லை. லே-ஆஃப் நாள்களில் வேறிடத்தில் பணி செய்தாலும் பழைய பணியின் உரிமை கெடாது என்று எழுதப்பட வேண்டும். மூன்று, குறித்த நாளுக்கு மேல் நீடித்தால், தன்னை ஆட்குறைப்புச் செய்ததாகக் கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும். அந்த உரிமை அவனுக்கு மட்டுமே வேண்டும்.

இவை ஆலைத் தொழிலாளியின் பிரச்சினைகள், பல்கலைக்கழக மாணவர்களாகிய நமக்கு என்ன என்று கேட்கும் நண்பர்கள் இருக்கலாம். அவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். 2022இல் வளாகத் தேர்வில் வேலை உறுதி பெற்ற பொறியியல் பட்டதாரிகள் பலர், சேரும் நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, ஈராண்டு வரை காத்திருந்த செய்தியை 2024இல் நாளேடுகளில் படித்தோம். கையில் வேலை உறுதிக் கடிதம் இருக்கிறது, வேலை இல்லை. ஒரு மாணவனுக்கு ஒரு வேலை என்ற விதியால், தேர்வு பெற்றவன் அதன்பின் வேறு நேர்முகத்திற்குப் போக முடியாத கல்லூரிகள் பல. ஆலை வாயிலில் நாள்தோறும் முகம் காட்டும் விதிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அறிவிப்புத் தாள் மின்னஞ்சலாக மாறியிருக்கிறது. கடைசி வரி மாறவில்லை.

மேலும், நம்மில் சிலர் நாளை சட்டம் படித்து வழக்காடப் போகிறோம். சிலர் புள்ளிவிவரத் துறையில் அமர்ந்து யாரை எந்த வரிசையில் எழுதுவது என்று முடிவு செய்யப் போகிறோம். வணிகவியல் படிக்கும் நண்பர்கள் பலர் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் பணியாளர் துறையில் அமர்ந்து இத்தகைய அறிவிப்புகளை எழுதப் போகிறவர்களே. அந்த நாளில் மேலதிகாரி வந்து, “மறு அறிவிப்பு வரும் வரை என்று போட்டுவிடுங்கள்” என்பார். அப்பொழுது வேலையை விட்டுவிட வேண்டாம். கொடி பிடிக்கவும் வேண்டாம். “எந்தத் தேதி வரை, ஐயா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

இத்தாள் ஒட்டப்படும் வாயிலுக்கு வெளியே நிற்பவர்கள் நெடுநாளாக இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உள்ளிருந்து ஒருவராவது கேட்டால், அவர்கள் காத்திருப்பில் ஒரு நாளாவது குறையும்.